மாமி பிடிக்கும் ஸ்டியரிங்

கொட்டாஞ்சேனை
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள ஸ்ரான்லி மாமாவுக்கு,

மருமகள் நிருஷா பணிவோடு எழுதுவது. டொரன்டோவில் நீங்களும் மச்சாளும் புதுப் பேரனும் குளிர் படாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். இங்கே மாமி சுகம், நான் சுகம். உங்கள் மீன்பிடி போட்டும் சுகம்தான். ஆனால் முகத்துவாரத்தில் யாராவது உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லமுதல் நானே சொல்லிவிடுகிறேன்.

போகும்போது எயார்போர்ட்டில் நீங்கள், "போட்டில கை வச்சியெண்டா, வந்து வித்துப்போட்டுத்தான் மற்ற வேலை" என்றது ஞாபகம் இருக்கிறது. நான் கை வைக்கவில்லை மாமா, உப்பு வைத்தது. நீங்கள் போய் மூன்றாம் கிழமையே ஸ்டியரிங் கேபிள் இறுகி, போட் இடது பக்கம் மட்டும் திரும்பியது. அப்படியே விட்டிருப்பேன். ஆனால் விசா கிடைக்காத கோபத்தில் இருந்த மாமி, மச்சாளின் பிள்ளைப்பேறு சுகமாக முடிந்தால் அந்தோனியாரைக் கடலில் ஒரு சுற்றுக் கொண்டுபோவதாக நேர்ந்திருந்தார். இடது பக்கம் மட்டும் திரும்பினாலும் சுற்று சுற்றுத்தானே என்று சொன்னேன். மாமி என்னோடு ரெண்டு நாள் கதைக்கவில்லை.

பிறகு வழி? ஸ்டியரிங் வீலையே விட்டுவிட்டு, எஞ்சினிலேயே ஒரு ஹேன்டில் பூட்டி, பின்னுக்கு இருந்து கையால் ஓட்டுவது. இதைப்பற்றி நான் பார்த்த வீடியோ நூற்றுப்பன்னிரண்டு, ஒன்றையும் ஸ்கிப் பண்ணவில்லை. ஹேன்டில் ஒன்றை த்ரீவீல் திருத்துகிற பிரசாந் பழைய எஞ்சினில் இருந்து கழற்றித் தந்தான். பூட்டி முடிய நாலு நட் மிஞ்சியது, வீடியோக்காரனுக்கும் ரெண்டு மிஞ்சினதுதான். அடுத்து வீல் இருக்கிற பெட்டியைக் கழற்றப்போனால் மாமி குறுக்கே நின்றார். அதன் மேலேதானே ஃபாதர் ஆசீர்வதித்த சொரூபம். "அந்தோனியார் அசையமாட்டார், வேணுமெண்டா நீ எஞ்சினை அசை." ஆகவே பெட்டியும் வீலும் அங்கேயே, கேபிளை மட்டும் வெட்டினேன். அதை மாமிக்குச் சொல்லவில்லை.

முதல் ஓட்டம் பிரசாந். ஹேன்டிலை இடது பக்கம் தள்ளினால் போட் வலது பக்கம் போகும் என்று பத்துத் தரம் சொன்னனான். அவன் ஓம் ஓம் எண்டு போட்டு நேரா பக்கத்துப் போட்டின்ட நங்கூரக் கயித்தில ஏத்தி, அந்தப் போட்டையும் இழுத்துக்கொண்டு போனான். நாங்க ரெண்டு பேரும் பின்னுக்கு இருந்ததால முன்பக்கம் தூக்கி, கடலே தெரியேல்ல, வானம்தான் தெரிஞ்சது. முன்னுக்கு ஒரு பாரம் வேணும் எண்டு விளங்கிச்சு. அடுத்த நாள் மாமி வந்து முன்னுக்கு இருக்கிற வீலுக்குப் பின்னால இருந்தார். போட் அப்பிடியே அமர்ந்திச்சு. சத்தியமா மாமா, அவ்வளவு பலன்ஸ்.

பிரச்சினை, மாமி வீலைத் திருப்பத் தொடங்கிட்டார். நான் அவரின்ட முழங்கையைப் பார்த்துப் பார்த்து ஹேன்டிலைத் தள்ளினன். நேர்த்திக்கடன் முடிஞ்சது. இப்ப பூசைக்கு வாற எல்லாருக்கும் தான் போட் ஓட்டுறதாச் சொல்லி, ஞாயிறு தவறாம வெளிக்கிடுறார். போன கிழமை ஈ அடிக்கக் கை வீசினார், நான் நம்பி முழுசாத் திருப்பி, மீன்கூடை கடலுக்குள்ள போயிட்டுது. ஆகவே மாமா, போட்டை விக்காதீங்க, எனக்கு இந்த எஞ்சின் எண்டா உயிர். வீல் சும்மா சுத்துது எண்டு மாமிக்கு மட்டும் சொல்லிடாதீங்க.

மச்சாளுக்கு அன்பும், பேரனுக்கு முத்தமும், உங்களுக்குக் கோபம் ஆறும் வரமும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

மருமகள் நிருஷா

பி.கு: நான் தேத்தண்ணி ஊத்தப் போன நேரம் மாமி இதை வாசித்துவிட்டார். வெட்டின கேபிள் முதல் நாளே காலில் இடறினதாம். "நான் அங்கால இங்கால காட்டாட்டி நீ எங்க போயிருப்பாய்?" என்று கேட்டுவிட்டு, பெட்டகத்தைத் திறந்து போட் பதிவைக் காட்டினார். மாமா, சொந்தக்காரர் பெயர் ஜீவராணி என்று மாமியின் பெயர்தான் இருக்கிறது. விற்கிற கதையே இல்லையாம். நாளையில் இருந்து ஹேன்டில் பழகுகிறாராம். நீங்கள் வந்தால் முன்னுக்குப் பாரத்துக்கு இருக்கலாமாம்.