நாற்காலி அண்ணாச்சி கேட்ட நின்ற கூலி

சங்கரன்கோவிலில் இதுவரை பிறந்த லாரி டிரைவர்களில், லாரியை ஓட்டாமல் இருந்ததற்குக் கூலி கேட்டவர் நாற்காலி அண்ணாச்சி ஒருவர்தான். கேட்டதோடு விடவில்லை, வாங்கியும் காட்டினார்.

நான் அந்த லாரி ஆபீஸில் அப்போதும் கிளார்க், இப்போதும் கிளார்க். எங்கள் வண்டிகள் விசைத்தறிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். டிரைவருக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. அங்கே குடோன் வாசலில் இரண்டு நாள் வரிசையில் கிடந்தாலும் அதே கூலிதான்.

மற்ற டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குவார்கள். அண்ணாச்சியோ ஒரு மடக்கு நாற்காலியை இறக்கி, சட்டைப் பட்டன்களை எல்லாம் போட்டுக்கொண்டு, குடோன் கேட்டுக்கு நேரெதிரே உட்காருவார். கேட்டால், டூட்டியில் இருப்பதாகச் சொல்லுவார். ஒருமுறை குடோன் மேனேஜர் இவரை ஏதோ பெரிய ஆபீசர் என்று நினைத்து இளநீர் கொடுத்தனுப்பினார். அதைக் குடித்து முடித்த பிறகுதான் தான் டிரைவர் என்பதைச் சொன்னாராம்.

பிறகு முதலாளி எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் மாட்டினார். வழியில் நிறுத்தி டீ குடிப்பவர்களுக்குப் படியைக் குறைக்கத்தான். வண்டி நின்ற நேரமெல்லாம் என் கம்ப்யூட்டரில் சிவப்பாக விழும். எல்லோரும் பயந்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. குடோன் வாசலில் தன் வண்டி நின்ற நேரத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார். என்ன தைரியத்தில் எடுத்துக் கொடுத்தேனோ தெரியவில்லை. ஏழு தாள், ஏழும் சிவப்பு.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நாற்காலி, அதில் அண்ணாச்சி, பின்னால் ஐந்து டிரைவர்கள். லோடு ஏற்றிய ஆறு வண்டிகளின் சாவியும் அவர் மடியில்.

அண்ணாச்சி நீட்டிய ஏழு தாள்களையும் முதலாளி புரட்டினார். "சும்மா நின்னதுக்கு எவம்வே கூலி குடுப்பான்?"

"சும்மா நிக்கதுன்னா எங்க வீட்டு வாசல்ல நின்னுருப்பேன் மொதலாளி. ஒங்க சரக்குக்குக் காவலால்லா நின்னேன்."

மதியம்வரை வியாபாரிகள் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் முதலாளி இறங்கிவந்தார். அரை நாளுக்கு மேல் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு, அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் வேலை போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன்.

அண்ணாச்சி எழுந்தார். "நாந்தான் எடுத்தேன். பொட்டியத் தட்டுனேன், வந்துச்சு."

செல்போனில் நம்பர் போடுவதற்கே அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அது முதலாளிக்கும் தெரியும். ஆனாலும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி இனி வடக்கே போக வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவருக்குச் சிவகிரி, ராஜபாளையம் என்று பக்கத்து நடைதான். வண்டி எங்கேயும் நிற்பதில்லை, அதனால் போராடி வாங்கிய கூலியில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. மனது கேட்காமல் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"ஏம்வே மூஞ்சியத் தொங்கப்போடுதீரு? குடுக்கவே மாட்டேன்னவரு இப்பம் அஞ்சு பேருக்குக் குடுக்காருல்லா? எனக்கு அது போதும்" என்றார்.

ஆபீஸைச் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டிவிடலாம். அண்ணாச்சியின் வண்டி வந்து சேரும்வரை நான் பூட்டுவதில்லை.