முந்நூறு பெட்டியும் மூன்றெழுத்து வேரும்

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள். என்னிடம் இருந்தது கால் அறிவு. ஆபத்து முழுசாகவே வந்தது.

அப்போது நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து ஐந்து மாதம். வளைகுடா ஆர்டர் ஒன்றை ஒழுங்காக அனுப்பினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி. செய்ய வேண்டியது ஒன்றுதான்: யாருக்குப் போகும் பெட்டியோ அதன்மேல் அவர் பெயரை அச்சடிப்பது. தாளில் மூன்று பெயர்கள்: ஹாமித், அஹமத், மஹ்மூத்.

அந்த நேரம் பார்த்து யூடியூபில் அரபி படித்துத் தொலைத்தேன் (முழுதாகப் பன்னிரண்டு நிமிடம்). ஹா, மீம், தால் என்ற மூன்றெழுத்து வேருக்குப் ‘புகழ்’ என்று பொருளாம். இந்த மூன்று பெயர்களும் அதில் கிளைத்தவையாம். பண்டிதைக்கு உடனே ஞானோதயம்: அப்படியானால் மூவரும் ஒருவரே! நம்மூரில் முருகன், கந்தன், வேலன் எல்லாம் ஒரே சாமிதானே?

பேக்கிங் பார்க்கும் செல்வி அக்காவுக்கு மட்டும் சந்தேகம். “மூணு பேரு போட்டிருக்குதே கண்ணு, ஒருக்கா கேட்டுப்போட்டு அடிக்கலாமுங்களா?”

“வேர் ஒண்ணுதான்க்கா” என்று வகுப்பே எடுத்தேன். முந்நூறு பெட்டியிலும் ‘அஹமத்’ என்று அடித்தோம். ‘மிகவும் புகழுக்குரியவர்’ என்று அர்த்தமாம். மரியாதையில் குறை வைக்கக் கூடாதல்லவா?

கண்டெய்னர் ஏற்றும் நாளில் மஹ்மூத் நேரில் வந்தார். பெட்டி வரிசைகளை மூன்று முறை சுற்றிவிட்டு, “என் பெயர் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பெருமையாக வேரை விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். “ஹாமித் என்றால் புகழ்பவன். மஹ்மூத் என்றால் புகழப்படுபவன். ஹாமித் என் அண்ணன். அவன் என்னைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. அஹமத் என் தம்பி. மூவருக்கும் தனித்தனிக் கடை, பேச்சுவார்த்தை கிடையாது. கண்டெய்னர் மட்டும்தான் பொது.”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, உங்கள ஆராச்சி பண்ணச் சொன்னது ஆருங்க?”

சாயங்காலம்வரை முந்நூறு பெட்டிகளையும் பிரித்து, உள்ளே யார் சரக்கு என்று பார்த்து, அவரவர் பெயரோடு மறுபடி ஒட்டினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை தப்பியது. ஆனால் பெட்டிப் பக்கம் தலைவைக்கக் கூடாதென்று உத்தரவு.

அடுத்த வருடம் என் கல்யாணம். மாப்பிள்ளை கந்தவேல். பக்கத்தில் அவர் தம்பி கந்தசாமி. நான் மாலையைத் தூக்கியதும் கூட்டத்திலிருந்து செல்வி அக்காவின் குரல்: “கண்ணு, வேரு ஒண்ணுதான்! ஆளைப் பாத்துப் போடு!”

இன்றும் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்தால், “அண்ணி, நான் கந்தசாமிங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.