ஒரே லேப்டாப்பில் ஐந்து குடித்தனம்

லேப்டாப் திரை நீலமாக மாறி, நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்டது. ஹெட்லி கில்லிங்ஹாமுக்குத் தன் கைப்பேசி எண்ணே பாதிதான் மனப்பாடம்.

ஒன்டாரியோக்காரர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி சமையலறையிலிருந்து வெர்னா கேட்டாள். கடலோரத்தில் அவர்களுக்கு ஒரு வாடகைக் குடில் உண்டு. மே மாதத்தில் பனிப்பாறை பார்க்க வருகிறவர்கள் அதில் தங்குவார்கள். யார் வருகிறார்கள், என்றைக்குப் போகிறார்கள் என்ற விவரம் முழுவதும் இந்த லேப்டாப்பில்தான் இருந்தது. வீட்டில் இருந்ததும் இந்த ஒன்றுதான்.

"பாத்துட்டுதான் இருக்கேன்," என்றான் ஹெட்லி. பொய்யில்லை. காலையிலிருந்து அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய ஹெட்லியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அது தேநீர் இடைவேளை கேட்காதாம். வேலையில்லாதவர்களுக்குத் தரும் உதவித்தொகையும் இந்த மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு நியூஃபவுண்ட்லாந்தில் எல்லோருக்கும் இருக்கிற அதே வழிதான்: கனடாவின் மறுகோடியில் ஆல்பர்ட்டா, எண்ணெய் வயல். வெர்னாவின் தம்பி செஸில் அங்கேதான் இருந்தான். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. "மச்சான், பத்தாம் நம்பர் பூட்ஸ் வாங்கி வெச்சுட்டேன். வந்து மாட்டிக்க வேண்டியதுதான்," என்று போன வாரமே போனில் சொல்லிவிட்டான்.

ஐம்பத்திரண்டு வயதில் வெர்னாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக ஹெட்லிக்கு மனசே இல்லை. அதை அவளிடம் சொல்லவும் வெட்கம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊர் நண்டு ஆலையின் விளம்பரம் கண்ணில் பட்டது. அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களில் அனுபவம் அவசியம். விண்ணப்பத்தில் ஹெட்லி 'நிறைய உண்டு' என்று எழுதினான். கவுண்டரில் அவன் இருபத்திரண்டு வருஷமும் தட்டியது ஒரே பொத்தான். வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். இன்று திங்கள். அனுபவம் சம்பாதிக்க முழுசாக நாலு நாள் இருந்தது, வேறென்ன வேண்டும்?

எனவே காலையில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினான். வீடியோவில் ஓர் ஆள் அதைப் பதினெட்டே நிமிஷத்தில் செய்து முடித்தான். வெர்னாவுக்குக் கேட்கக் கூடாது என்று ஹெட்லி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். எச்சரிக்கைகளெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் இருந்திருக்க வேண்டும். லினக்ஸ் ஜம்மென்று திறந்தது. விண்டோஸ்தான் முறுக்கிக்கொண்டு சாவி எண் கேட்டது.

அந்த எண் வெர்னாவின் மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. மாவுக் கையோடு வந்து, கைப்பேசியில் அதைத் தேடி எடுத்து, நாற்பத்தெட்டு இலக்கங்களையும் அவள் படித்துச் சொன்னாள்.

"என்ன பண்ணினே இதை?"

"ஒண்ணும் பண்ணலே. துணைக்கு இன்னொண்ணு வெச்சேன்."

"இத்தனை நாளா அது தனியா உக்காந்து அழுதுச்சாக்கும்."

விண்டோஸ் திறந்தது, ஆனால் கடிகாரம் தப்பாக இருந்தது. லினக்ஸ் போகிறபோக்கில் லேப்டாப்பின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தது. விண்டோஸ் அதை ஊர் நேரம் என்று நம்பிவிட்டது. ஆக, இரண்டரை மணி நேரம் கூடுதல். நியூஃபவுண்ட்லாந்து ஏற்கெனவே அண்டை மாகாணங்களோடு அரை மணி நேரம் ஒத்துப்போகாத தீவு. ஹெட்லி தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துவிட்டான்.

விருந்தாளிகள் மூன்று மணிக்கு வருவதாகத் திரையில் இருந்தது. மூலையில் மணி இரண்டே முக்கால். வெர்னா கைப்பேசியைக்கூட எடுக்காமல் மீன் சூப்புப் பானையோடு குடிலுக்கு ஓடினாள். அப்போது உண்மையில் பன்னிரண்டே கால். சூப்பை ஐந்து தடவை சூடுபண்ணி, அது பசையாகி, அதை வைத்து சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம் என்ற பதத்துக்கு வந்தபோது ஒன்டாரியோக் குடும்பம் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியவள் கத்தவில்லை. அந்தப் புதுசை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் ஹெட்லிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை லினக்ஸ் இருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தான். எந்த சிஸ்டத்தைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் பட்டியலும் லினக்ஸோடு வந்ததுதான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அடுத்த முறை லேப்டாப்பைப் போட்டபோது கறுப்புத் திரையும் மினுக்கும் கோடும்தான் இருந்தன. விண்டோஸ் உள்ளேதான் இருந்தது, அதற்குப் போக வழி இல்லை.

பட்டியலை மீட்க இரண்டாவதாக ஒரு லினக்ஸை ஏற்றினான். பட்டியல் வந்தது, ஆனால் அந்த லினக்ஸுக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதற்கு உதவியாக மூன்றாவது. புதன்கிழமை இரண்டாவதை மட்டும் எடுக்கப் பார்த்தான். மறுபடியும் கறுப்புத் திரை. நாலாவது வந்தது. கடைசியில் பட்டியலில் ஐந்து பெயர்கள் நின்றன. மூன்று திறந்தன. மற்ற இரண்டும், செத்துப்போனவர் பெயரை நீக்காத வாக்காளர் பட்டியல் மாதிரி, சும்மா நின்றன. ஏற்ற அவனுக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டே வரும். எடுக்க மட்டும் கடைசிவரை வரவில்லை.

திரை கறுப்பாக இருந்த நேரத்தில் கியூபெக்கிலிருந்து ஒரு தம்பதி போன் செய்து, வியாழக்கிழமை குடில் காலியா என்று கேட்டார்கள். வெர்னா ஹெட்லியைக் கேட்டாள். காலிதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான் ஹெட்லி. ஒன்டாரியோக்காரர்கள் சனிக்கிழமை வரை இருப்பதாகப் பதிவு செய்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கியூபெக் தம்பதி நாலு பெட்டியோடு வாசலில் நின்றார்கள். வெர்னா சிரித்த முகத்தோடு தங்கள் படுக்கையறையைத் திறந்துவிட்டாள். பழைய மெத்தை, தலையணை, லேப்டாப் சகிதம் ஹெட்லியும் வெர்னாவும் மீன்வலைகள் போட்டுவைக்கும் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வெர்னா நாலு பக்கமும் பார்த்தாள். "ஹெட்லி, ஆல்பர்ட்டாவுல எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கு."

விளம்பரம், விண்ணப்பம், நாளைய நேர்காணல் எல்லாவற்றையும் ஹெட்லி கொட்டிவிட்டான். "எனக்கு அங்க போகப் பிடிக்கலே வெர்னா. உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அதான் இந்தக் கூத்தெல்லாம்."

வெர்னா எழுந்து வீட்டுக்குப் போய், கியூபெக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, தன் அலமாரியிலிருந்தே அவனுடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாள். "அந்தக் கண்றாவியையும் எடுத்துட்டுப் போ. பண்ணினதை மறைக்காதே. அதுவும் அனுபவம்தானே," என்றாள்.

வெள்ளிக்கிழமை நண்டு ஆலை மேலாளர் லொரெட்டா கீப்பிங் அவனுடைய விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடி வழியாக மெதுவாகப் படித்தார். நிறைய அனுபவம் என்று போட்டிருக்கிறதே, எப்படி என்று கேட்டார். ஹெட்லி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினான்.

ஐந்து வரிப் பட்டியல் வந்து நின்றது. விண்டோஸைத் திறந்து காட்டினான். மூடினான். ஒரு லினக்ஸ், இன்னொரு லினக்ஸ். நாலு நாளாக அவனைப் படுத்திய பெட்டி அன்றைக்கு ஒரு முனகல்கூட இல்லாமல் மூன்றையும் வரிசையாகத் திறந்தது. உயிரில்லாத இரண்டு பெயர்களை அவன் காட்டவில்லை, அந்த அம்மாளும் கேட்கவில்லை.

லொரெட்டா வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்லிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. செஸிலுக்கு என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது.

"இதெல்லாம் நீங்களே வெச்சதா?"

"நானேதான் மேடம். நாலே நாள்ல. சரின்னு சொல்லுங்க, இங்க இருக்கிற எல்லா மெஷின்லயும் இதே மாதிரி வெச்சுத் தந்துடறேன்."

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எங்க பதினோரு லேப்டாப்லயும் இதே பட்டியலை வெச்சுட்டுத்தான் இந்த வேலையில இதுக்கு முன்னாடி இருந்தவர் போனாரு, மிஸ்டர் கில்லிங்ஹாம். அதை எடுக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடிட்டிருக்கோம்."