ஓவர்லாக் அக்காவும் டீ பெல்லும்

திருப்பூரில் நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷிக்குப் புதிதாக வரக்கூடியவை சர்க்கரை, மூட்டுவலி, மருமகன். எங்கள் ஓவர்லாக் அக்காவுக்கு டென்னிஸ் வந்தது. அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்த எங்கள் பனியன் கம்பெனி இன்னும் எழுந்திருக்கவில்லை.

அக்காவுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும். யாரும் கேட்டதில்லை. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மெஷினில் கன்னிப்பெண்ணாக வந்து உட்கார்ந்தவர். கல்யாணத்துக்கு மட்டும் எழுந்துபோய்விட்டு, வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார். நான் அவருடைய கைமடி. அதாவது அவர் தைத்துத் தள்ளுகிற பனியனை எடுத்து, நூலைக் கத்தரித்து, அடுக்கி வைப்பவன். வேலைக்குப் புதிதாக வருகிற இளசுகள் தொழில் பழகுவதற்காக ஆறு மாதம் பார்க்கிற வேலை இது. எனக்கு நாற்பது ஆகிறது. இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான், நாலாம் வகுப்பை அவசரப்படாமல் படித்தவன்.

வினை ஓர் எக்ஸ்போர்ட் ஆர்டராக வந்தது. வெள்ளைக் கவுன். கையும் கிடையாது, முழங்காலுக்கு வெகு மேலேயே கதை முடிந்துவிடும். அக்கா தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பாதியில துணி தீந்து போச்சுங்களா?"

டென்னிஸ் ஆடுகிற பெண்களுக்கானது என்று சூப்பர்வைசர் தம்பி விளக்கினான். பெல் அடித்து எல்லோரும் டீக்கு எழுந்தபோது செல்போனில் ஒரு மேட்சையும் போட்டுக் காட்டினான். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தார். டம்ளருக்குள் ஈ விழுந்தது. ஈயோடு குடித்தார்.

"இதையே பொழப்பா வெச்சிருக்கறவங்க இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க்கா. புரொபசனல் பிளேயருன்னு சொல்லுவாங்க."

"அப்ப நானும் அதாகோணும்."

தம்பி சிரித்தான். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அக்கா ஒன்றைச் செய்வேன் என்று சொன்னால், அதில் பாதி கைமடி தலையில்தான் வந்து விழும்.

விழுந்தது. அடுத்த வாரமே அவிநாசி ரோட்டில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். அங்கே எல்லாம் பொடிசுகள். மட்டை உயரம்கூட இல்லாததுகள். கோச் ஓர் இளவட்டம், ரொம்ப மரியாதையான பையன்.

"வாங்க்கா. குழந்தை எங்கீங்க?"

"நாந்தானுங்க குழந்தை."

கோச் என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து விடிகாலையில் பொடிசுகளோடு அக்காவும் வரிசையில் நிற்பார். நான் பந்து பொறுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் எங்கள் கம்பெனிக்குப் பின்னாலுள்ள சந்தில் தனிப் பயிற்சி. பந்து பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் கட்டிய உருண்டை. எதிர்ப்பக்கம் அட்டைப்பெட்டி மூடியோடு நான். துணி உருண்டைதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். என் முன்பல் ஒன்று இன்றைக்கும் அந்தச் சந்தில்தான் கிடக்கிறது.

ஒரு நாள் கோர்ட்டுக்குள் அக்கா நுழைந்ததைப் பார்த்து எனக்குக் கையிலிருந்த பந்துக் கூடை நழுவியது. எங்கள் கம்பெனியில் கறை பட்டுக் கழித்துப்போட்ட அதே வெள்ளைக் கவுன்! இருக்கிறதிலேயே பெரிய சைஸ். அதற்கு முழுக்கை வைத்துத் தைத்து, அடியில் சுடிதார் பேன்ட்டும், நெற்றியில் விபூதியுமாக வந்து நின்றார்.

"என்னடா பாக்கற? இத்தன வருசமா வெள்ளக்காரிக்கே தெச்சாச்சு. ஒண்ணையாச்சும் நாம போட்டுப் பாக்க வேண்டாமா?"

பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பல் போன ஓட்டை வழியாகக் காற்றுதான் வந்தது.

அக்காவின் ஆட்டம் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஆட்டம். எங்கள் தொழிலில் பீஸ் ரேட். எத்தனை உருப்படி தைக்கிறாயோ அத்தனைக்குக் கூலி. அதனால் பீஸ் தேங்கினால் அக்காவுக்கு உடம்பு நடுங்கும். பந்தும் அவருக்குப் பீஸ்தான். வந்தால் அனுப்பிவிடுவார். வேகமாக அடிக்க மாட்டார், ஏமாற்றி அடிக்க மாட்டார், ஆனால் விடவும் மாட்டார். எதிரே இருப்பவர் அழுகிற வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார். நிஜமாகவே இரண்டு பொடிசுகள் அழுதன.

"அக்கா, ஓங்கி அடிச்சு முடிங்க!" என்று கோச் கத்துவான்.

"ஏனுங்க முடிக்கோணும்? நல்லாத்தானுங்க ஓடிட்டிருக்குது!"

இரண்டு வருடம் ஓடியது. அவிநாசிக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு ஒரு டோர்னமென்ட் வந்தது. வயது வரம்பு இல்லை. முதல் ரவுண்டு ஜெயித்தால் ரேங்கிங்கில் பெயர் ஏறும் என்றான் கோச். ஏறிவிட்டால் புரொபசனல்தான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். போகும்போது பஸ்ஸில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு ரவுண்டுடா. செயிச்சா நான் பிளேயரு. தோத்தேன்னா இனி இதத் தொட மாட்டேன். மட்டைய நீயே வெச்சுக்க, உன்ற ஊட்டுல ஈ அடிக்கறதுக்கு ஆகும்."

என் வீடு சாக்கடைக் கரையில் இருக்கிறது. அங்கே ஈக்கள்தான் குடியிருக்கின்றன, நாங்கள் அவற்றோடு ஒண்டிக்கொண்டிருக்கிறோம். இருந்தாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

எதிரே ஆட வந்தது ஒரு காலேஜ் பெண். அக்காவின் கவுனைப் பார்த்துச் சிரித்தது. முதல் செட்டைச் சட்டென்று முடித்தது. இரண்டாவதில் அக்காவின் புரொடக்‌ஷன் சூடு பிடித்தது. அந்தப் பெண் எங்கே அடித்தாலும் பந்து திரும்பி வந்தது. அக்கா தன் இஷ்டத்துக்கு உச்சி வெயிலில் பீஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதலில் தலையில் அடித்துக்கொண்டது, பிறகு மட்டையைத் தரையில் அடித்தது. இரண்டாவது செட் அக்காவுக்கு! கோச் வாயைப் பிளந்து நின்றான்.

கடைசி செட். அக்கா ஜெயிக்க இன்னும் ஒரே பாயின்ட். பந்து போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. அந்தப் பெண் களைத்துப்போய்ப் பந்தைக் கொழுக்கட்டை மாதிரி தூக்கிக் கொடுத்தது. அக்கா மட்டையை ஓங்கினார்.

கோர்ட்டை ஒட்டி ஒரு பனியன் கம்பெனி இருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. டீ பெல் அடித்தது.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. வலது கால், பெடலிலிருந்து எடுப்பதுபோலத் தரையிலிருந்து எழும்பியது. மட்டையைப் பக்கவாட்டில் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு வெளியே பார்த்து நடக்க ஆரம்பித்தார். பந்து அவருக்குப் பின்னால் விழுந்து உருண்டது.

"அக்கா! எங்கீங்க போறீங்க?" என்று கோச் அலறினான்.

எனக்கும் அந்த அலறல் கேட்டது. ஆனால் தூரத்திலிருந்து கேட்டது. ஏனென்றால் நான் அதற்குள் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போயிருந்தேன்.

நான் ஓடி வந்தபோது அக்கா கோர்ட் நடுவில் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல. அதற்கப்புறம் பந்து வந்தது. அக்கா வரவில்லை. மேட்ச் போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸிலும் மட்டை அக்காவின் மடியில்தான் இருந்தது. இறங்குகிற இடத்தில் மட்டையை என்னிடம் நீட்டினார்.

"புடி. சொன்னாச் சொன்னதுதான்."

டென்னிஸ் ஆடப்போகிறேன் என்று அக்கா சொன்னபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. வீட்டில் மட்டையை ஆணியில் மாட்டினேன். ஈக்கள் அதன்மேலேயே வந்து உட்கார்ந்தன. அடிக்க மனசு வரவில்லை. மறுநாள் காலையில், ஏனென்று தெரியாமல், அதை சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

டீ பெல் அடித்தது. எல்லா மெஷின்களும் நின்றன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியே திரும்பிப் பார்த்தது.

"அக்கா, பெல்லுங்க."

"கேக்குதுடா."

"டீக்குப் போகலீங்களா?"

"காலு எந்திரிக்கத்தான் பாக்குது. அமுக்கி வெச்சிருக்கறேன்." நிமிராமல் தைத்துக்கொண்டே சொன்னார். "என்ன பெல்லு அடிச்சாலும் இனி பீஸு கையவுட்டுப் போகக் கூடாது."

நான் வெளியே போனேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக டீ கேனைத் தாண்டி நடந்தேன். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து மட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து, அவர் மெஷின்மேல், தைத்த துணிகளோடு துணியாக வைத்தேன்.

"உனக்குத்தானடா குடுத்தேன்?"

"எங்க ஊட்டுல ஈயே இல்லீங்க்கா."