மேலறைப் புரவலர்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒருவகைப் பெரிய மனிதர் வாழ்ந்துவருகிறார். அடையாளம் காண்பது சுலபம். மகன் கனடாவுக்குப் போனபின் அவர் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கும். அதில் ஓடாத மின்விசிறியும் பழைய மெத்தையும் குடியிருக்கும். கீழே அவருடைய நெஞ்சில் கலைப்பற்று பொங்கி வழியும். இவை இரண்டும் சந்திக்கும் நாளில் மேலறைப் புரவலர் பிறக்கிறார்.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கூட்டமானாலும் நன்றியுரைக்குச் சற்று முன்னர் எழுந்து, "ஒரு நகரத்துக்குத் தண்ணிக் குழாய் எவ்வளவு அவசியமோ, கலைஞனுக்கு ஒரு அறையும் அவ்வளவு அவசியம், பாருங்கோ" என்று சொல்லி, கைதட்டல் ஓயும்வரை உட்காராமல் நிற்பாரே, அவர்தான். சொல்வதில் பிழை உண்டா? கிடையாது. அதுதான் அவரிடமுள்ள தொல்லையே.

நம் மாதிரிக்குக் குலவீரசிங்கத்தாரை எடுத்துக்கொள்வோம். காப்புறுதிக் கம்பனியில் இளைப்பாறியவர். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும் என்று முப்பத்திரண்டு வருடம் மோப்பம் பிடித்த மூக்கு. தொண்ணூற்றேழாம் ஆண்டு அவர் ஏழு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். தங்குமனையா, தங்ககமா என்று நான்கு மாதம் விவாதித்து, பற்றிஸும் றோல்ஸும் தின்று, கடைசியில் 'கலைஞர் தங்குமனை' என்று பெயர்ப்பலகை எழுதினார்கள். பிறகு நிதி கேட்டுப் புறப்பட்டார்கள். எல்லோரும் மனமார வாழ்த்தினார்கள். சட்டைப் பைக்குள் மட்டும் ஒருவர் கையும் போகவில்லை. "நல்ல விசயம்தான், ஆனா இது யுத்த காலமெல்லோ" என்றார்கள், ஏதோ கலைஞன் யுத்தம் முடிந்தபிறகுதான் நித்திரை கொள்ளுவான் என்பதுபோல. கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த தாஸிம் மட்டும் கொஞ்சம் இரங்கினார்.

"சல்லி மட்டும் கேக்காதீங்க சேர், யாவாரம் படு மோசம். பெயின்ட் வேணுமெண்டா தாரேன். உங்கட ஆளும் பெயின்ட் பண்றவர்தானே?"

அடுத்த நாள் வந்திறங்கியது சுவருக்குப் பூசும் பெயின்ட், ஐந்து பெரிய வாளி, இளம்பச்சை. குலவீரசிங்கத்தார் நன்றிக் கடிதம் எழுதிவிட்டு வாளிகளை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கினார்.

தங்குமனையின் முதல் கலைஞராக வந்தவர் இராமர். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர், நாற்பது வயது. தொழிலாளர் லயத்து ஒற்றைக் காம்பராவில் எட்டுப் பேர். படச்சீலையைச் சாய்த்துவைக்க ஒரு முழம் சுவர் கிடையாது. கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் ஒரு கண்காட்சி மண்டபம், பன்னிரண்டு படம் கொண்டுவந்தால் இடம் தருவதாக, மூன்று மாதம் தவணை சொல்லியிருந்தது. முடிந்தவை மூன்று. மிச்சம் ஒன்பது. மேலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் அவர் அதைப் போட்டுப் பார்த்தார், திறந்து பார்த்தார், மறுபடியும் போட்டார். அவர் ஆயுளில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படம் கீறியது அன்றுதான்.

கூட்டத்தில் அவர் 'ஓவிய மாமணி இராமர் அவர்கள்'. வீட்டில் 'தம்பி'. பொலிஸ் பதிவுக்குப் போன அன்று அவருக்கு மூன்றாவது பெயர் வந்தது.

அந்த நாட்களில் வெளியூர்த் தமிழர் ஒருவர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் இராமர் வீதியில் இறங்கினால் முதலாவது சோதனைச் சாவடியோடு பயணம் முடிந்துவிடும். குலவீரசிங்கத்தார் மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். 'தொழில்' என்ற இடத்தில் பேனை நின்றது. காப்புறுதி மூக்கு விழித்துக்கொண்டது. ஓவியர் என்று எழுதினால் என்ன படம் கீறுவார் என்று பொலிஸ்காரன் கேட்பான். தெருப் படமா, பாலத்தின் படமா, ஆருக்குக் கொடுக்க என்பான். பிறகு மேலறைக்கு ஏறிவருவான். ஐயோ வேண்டாம்! 'பெயின்டர்' என்று எழுதினார். பொய் இல்லைத்தானே? இங்கிலிசில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே?

"பெயின்டர் பாஸ்? ஹொந்தாய்," என்றார் பொலிஸ் சார்ஜன், கூலிக்குச் சுவர் பூசும் ஆள் என்றால் நல்லதுதான் என்ற பாவனையில். சனிக்கிழமை அந்தப் பக்கம் வரும்போது எட்டிப்பார்ப்பதாகவும் சிங்களத்தில் சொல்லி, முத்திரையைக் குத்தினார்.

வெள்ளிக்கிழமை குலவீரசிங்கத்தார் மாடியேறிக் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒரேயொரு சுவர். கண்துடைப்புக்கு. அவன் வந்து பார்த்திட்டுப் போயிடுவான்."

இராமர் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார், முத்திரை குத்திய படிவத்தைப் பார்த்தார். "சரிங்கய்யா" என்றார்.

ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியும். முன்னறை முடிந்தால் சாப்பாட்டறை முறைக்கும். சாப்பாட்டறை முடிந்தால் படிக்கட்டு. பிறகு மதில், பிறகு கேற். சார்ஜன் சனிக்கிழமை தவறாமல் வந்து, "வெட லஸ்ஸனாய், பாஸ்" என்று வேலையைப் பாராட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். வேலை நின்றால் சந்தேகம் வருமே என்று குலவீரசிங்கத்தார் பயந்தார். சத்தியமாகப் பயந்துதான். வீடு பளபளத்தது அவருடைய குற்றமா? தாஸிம் இன்னும் நாலு வாளி அனுப்பினார்.

மூன்று மாதமும் ஓடிப்போனது. ஒன்பதில் முடிந்தது ஒரு படம். கறுவாத்தோட்டத்து மண்டபம் அந்தத் திகதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. தங்குமனையின் நிறைவுக் கூட்டம் மட்டும் குறித்த நாளில் நடந்தது. முதல் தங்கல் மகத்தான வெற்றி என்று அறிக்கை வாசித்தார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். கையில் றோல்ஸோடு சுவரைத் தடவி, "அருமையான நிறம், ஆர் அடிச்சது? எங்கட வீட்டுக்கும் ஆளை அனுப்புங்கோவன்" என்று கேட்டீர்கள். இராமர் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

புறப்படும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஐயா, ஒரு கடிதம் குடுங்க. இந்த வீட்ல இருந்தேன்னு. அதுலயாவது ஓவியர்னு போடுங்கய்யா."

குலவீரசிங்கத்தாருக்குக் கண் கலங்கியது. நடிப்பல்ல, நல்ல மனிதர். கடிதத்தாளை எடுத்தார், தேதி போட்டார், பெயர் எழுதினார். அந்த இடம் வந்ததும் பேனை மறுபடியும் நின்றது.

"பொலிசில குடுத்ததோட ஒத்துப்போக வேணும், தம்பி" என்று மெதுவாகச் சொல்லி, 'சிறந்த பெயின்டர்' என்று எழுதினார். 'சிறந்த' அவராகச் சேர்த்தது.

இராமர் அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அட்டன் வரைக்கும் எல்லாச் சாவடியிலும் அது செல்லுபடியானது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கும் அதே படிவம் வந்ததே, உள்ளறையில் தங்கவந்தவரை யார் என்று எழுதினீர்கள்? பேனை உங்கள் கையில்தானே இருந்தது?