மாவ்பி குளத்தில் வளர்ந்த தன்னம்பிக்கை

மனிதன் பசிக்காகத்தான் மீன் பிடிக்கத் தொடங்கினான் என்று சரித்திர ஆசிரியர்கள் இதுநாள்வரை எழுதி வந்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் யாரும் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. மனிதன் தூண்டிலைக் கையில் எடுத்ததே தன்னம்பிக்கைக்காகத்தான். மீன் என்பது நடுவில் வந்து சேர்ந்த ஓர் இடைஞ்சல். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை, யாங்கூன் கியாக்டடாவில், சூலே பஸ் இரைச்சல் முழுசாக ஏறி வரும் மூன்றாம் மாடியில், உளுந்து ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்தையே சேரும். நான் அங்கே தலைமை எழுத்தர். எனவே மிகைப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதெல்லாம் நான் ஆபீஸ் நேரத்தில் மட்டும்தான் செய்வது.

எல்லாம் நல்லப்பனுக்கு வந்த 'நோயில்' ஆரம்பித்தது. நல்லப்பன் எங்கள் இந்தியப் பகுதி குமாஸ்தா. அங்கிருந்து வியாபாரிகள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது அவர் வேலை. ஒருநாள் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளரான தூத்துக்குடி லத்தீபா பேகம் கூப்பிட்டு, "சரக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். நல்லப்பன் ஒரு நொடி யோசித்தார். யோசித்ததே குற்றம். அதற்கு மேல், "மேல் அடுக்கு மூட்டையெல்லாம் நல்லா இருக்கும்மா. அடி அடுக்குலதான் கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கு" என்று வேறு சொல்லிவிட்டார்.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி ஊ நாகரத்தினம் தலைமை தாங்கினார். (ஊ, கோ, மா எல்லாம் எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதை.)

"ஃபஸ்ட் கிளாஸ்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னய்யா? வாய் வலிக்குதா?"

"ஈரம் இருந்துச்சு முதலாளி."

"ஈரம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதை எதுக்கு அவங்ககிட்ட சொன்னே?"

"அவங்க கேட்டாங்களே முதலாளி."

நோய் முற்றிய நிலையில் இருப்பது எல்லோருக்கும் விளங்கியது. கணக்குப் பகுதி மா பூர்ணா 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டினார். "மேற்படி ஊழியருக்குத் தன்னம்பிக்கை போதாது, ஆகவே அலுவலகம் முழுவதும் பயிற்சி பெறும், அதிலும் அவர் தேறாவிட்டால் லான்மடாவில் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றப்படுவார்" என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஒருவருக்கு நோய் என்றால் பத்துப் பேருக்கு ஊசி போடுவதுதான் நிர்வாகம்.

கிட்டங்கி என்றதும் நல்லப்பன் முகம் சுண்டிப்போனது. அங்கேயும் இதே சம்பளம்தான், மாடிப்படி ஏறும் வேலையும் இல்லை. பிறகு ஏன் இந்த அழுகை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, என் சம்சாரம் பர்மாக்காரி. பிள்ளைங்களுக்குத் தமிழ் புரியுது, பதில் பர்மியத்துலதான் வருது. கிட்டங்கியிலயும் பூரா பர்மியம். அந்த போன் போச்சுன்னா நான் யார்கிட்ட அண்ணே தமிழ் பேசுவேன்?"

"என்கிட்ட பேசேன்யா."

"நீங்க எங்க அண்ணே கேக்குறீங்க? நீங்க பேசத்தானே செய்வீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பாவம், நல்ல மனிதன். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

பயிற்சியாளர் ஸயா ஆண்ட்ரூ. ஸயா என்றால் ஆசிரியர். யாங்கூனில் எதையாவது விற்பவரையும் மரியாதைக்கு அப்படி அழைப்பதுண்டு. 'தூண்டில் வழியே தன்னம்பிக்கை' என்ற கலையைக் கரண்ட் இருந்த நேரங்களில் இணையத்தில் பார்த்துக் கரைத்துக் குடித்தவர். உடம்பெல்லாம் பை வைத்த மீன்பிடிச் சட்டை போட்டிருப்பார். ஒரு பையில் வெற்றிலை, ஒரு பையில் பவர் பேங்க், மற்ற பைகளில் தன்னம்பிக்கை. காலையில் அவர் சாப்பிடும் மொஹிங்கா நூடுல்ஸின் குழம்பில் கரைந்திருந்த மீன்தான் மீன் இனத்தோடு அவருக்கு இருந்த ஒரே நேரடித் தொடர்பு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் பிடித்து, யாங்கூனுக்கு வடக்கே இருக்கும் மாவ்பிக்குப் போனோம். அங்கே நசீர் பாய்க்கு ஒரு மீன் குளம் இருந்தது. முதல் நாளே கரையில் வரிசையாக உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு கம்பும் நூலும் கொடுத்தார் ஸயா.

"முள் எங்க ஸயா?" என்று கேட்டார் நல்லப்பன்.

"முள்ளா? முள் நெகட்டிவ்! குத்துற எண்ணத்தோட போனா மீன் எப்படி வரும்?"

"சரி, இரையாவது..."

"இரை போடறது லஞ்சம். நமக்குத் தேவை மீன் இல்ல, மைண்ட்செட். 'மாட்டிருச்சு'ன்னு நீங்க நம்பணும். நம்பினா மாட்டும்."

என்னே தத்துவம்! அன்று மாலையே விற்பனைப் பகுதி கோ ரமணன், முள் இல்லாத நூலில் ஒரு ரோகு மீனைப் பிடித்துவிட்டார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாததற்குப் புனிதமான ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பிறந்தநாள், நல்லநாள் என்றால் சந்தையில் உயிர் மீன் வாங்கிக் குளத்தில் விடுவார்கள். அது பெரிய புண்ணியம். கோ ரமணனும் பிடித்த கையோடு விட்டுவிட்டாராம். மா பூர்ணா பக்தியோடு கைகூப்பி, புண்ணியத்தைக் கண்டால் சொல்லும் முறைப்படி "சாது! சாது! சாது!" என்றார். அதற்குப் பிறகு, 'எங்கேப்பா மீன்?' என்று கேட்டால் கேட்பவனுக்கல்லவா பாவம்? அடுத்த வாரம் மா பூர்ணா இரண்டு பிடித்து இரண்டையும் விட்டார். தன்னடக்கம் காரணமாக நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்; ஆனால் அது பெரியது.

திங்கட்கிழமை காலை டீக்கடையில்தான் பயிற்சியின் பலன் வெளிப்படும். அவரவர் விட்ட மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவோம். கோ ரமணன் மீன் வாராவாரம் வளர்ந்தது. ஒருமுறை அவர் விரித்த கை பக்கத்து மேசைக்காரரின் டீயைத் தட்டிவிட்டது. அன்றிலிருந்து கடைக்காரர் எங்களைச் சுவரோரமாக உட்கார வைத்தார். சுவர் இடித்ததால் கோ ரமணன் மீனை மேலும் கீழுமாகக் காட்டத் தொடங்கினார். தன்னம்பிக்கைக்குச் சுவரெல்லாம் ஒரு தடையா?

கடைசியாக நல்லப்பனிடம் வருவோம்.

"உனக்கு?"

"ஒண்ணும் மாட்டல அண்ணே. நூல்ல முள்ளே இல்லையே."

ஒரு மனிதன் இத்தனை பேர் நடுவில் இப்படிக் கூசாமல் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்வானா என்று எங்களுக்கெல்லாம் வெட்கமாக இருக்கும்.

இப்படி இருக்கையில், சீசன் ஒப்பந்தம் பேச லத்தீபா பேகமே நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. முதலாளிக்கு அபாரமான யோசனை தோன்றியது. பயிற்சி நிறைவு விழாவைக் குளக்கரையிலேயே நடத்துவது. அம்மையார்தான் சிறப்பு விருந்தினர். "நம்ம ஆளுங்க தன்னம்பிக்கையைப் பார்த்தா அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடும். நல்லப்பா, அன்னைக்கு நீயும் ஒரு மீன் பிடிச்சதா எழுந்து சொல்லணும். சொல்லலே, மறுநாள் காலையில கிட்டங்கி."

நான் அவருக்குத் தனி வகுப்பே எடுத்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "எங்க, கையை விரி. இன்னும். இன்னும் விரிய்யா" என்பேன். முழங்கை அளவுக்கு விரிப்பார். "அண்ணே, அவ்வளவு பெரிசு இருக்காதுண்ணே" என்று மெல்ல மெல்லச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றுவிடுவார். பிடிக்காத மீனையே இந்த மனிதரால் பெரிசாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விழா நாளும் வந்தது. பெரிய குடையின் கீழ் லத்தீபா பேகம் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் நன்றாக விழட்டும் என்று அன்று மட்டும் ஸயா எல்லோர் நூலிலும் முள் கட்டச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து அறிவித்தோம். கோ ரமணன் இரண்டு கையையும் விரித்து, அது போதாமல் ஓரடி நகர்ந்தும் காட்டினார். "ஓஹோ, எங்க தூத்துக்குடிக் கடல்லயே இது கஷ்டமாச்சே" என்றார் அம்மையார். கோ ரமணன் அதைப் பாராட்டாக ஏற்றுக்கொண்டு தலை வணங்கினார்.

நல்லப்பன் முறை வந்தது. எழுந்தார். கையை விரிக்கத் தொடங்கினார். முதலாளி கண்ணாலேயே 'ம், ம்' என்றார். அந்த நேரம் பார்த்து, கரையில் ஊன்றியிருந்த நல்லப்பனின் தூண்டில் தானாக ஆடியது. என்னவோ ஏதோ என்று பதறிக் கம்பை இழுத்தார். உள்ளங்கை அளவு திலேப்பியா ஒன்று காற்றில் துள்ளி வந்து ஸயாவின் நெஞ்சில் மோதி விழுந்தது.

ஸயா அலறிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "என்னது இது? என்னது இது?"

"மீன் ஸயா."

"உயிரோட இருக்குய்யா!"

நசீர் பாய் ஓடி வந்தார். அவர்தான் எங்களைவிட அதிர்ச்சியில் இருந்தார். "என் குளத்துல மீனா? இருந்ததையெல்லாம் திஞ்சான் திருவிழாவுக்கு முன்னாடியே வாரி வித்துட்டேனே! இது எங்க தப்பிச்சுக் கிடந்துச்சு?"

முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எங்கள் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சான் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது; நாங்கள் மீன் பிடிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். கோ ரமணன் விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் லுங்கியை அவிழ்த்துக் கட்டினார்.

"எப்படிய்யா மாட்டுச்சு?" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"காலையில சாப்பிட்ட பலகாரத்துல ஒரு துண்டு முள்ளுல குத்தி வச்சேன் அண்ணே. வெறும் முள்ளைக் காட்டி ஏமாத்த மனசு வரல."

மரத்தடியில் அங்கேயே அவசரக் குழு கூடியது. மீனின் தகுதி ஆராயப்பட்டது. ஒன்று, அளவு போதாது. இரண்டு, லஞ்சம் கொடுத்துப் பிடிக்கப்பட்டது. மூன்றாவதுதான் முக்கியம். ஸயா நாற்காலியில் நின்றபடியே அதை அறிவித்தார்: "தன்னம்பிக்கை இருக்கிறவன் எதுக்கு மீனைக் காட்டணும்? ஆதாரம் தேடறவனுக்குத் தன் மேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். ஃபெயில்!" இவ்வளவு ஆழமான தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

நல்லப்பன் குனிந்து மீனை எடுத்தார். அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றத் தடுமாறி, விரலைக் குத்திக்கொண்டு, ஒருவழியாகக் கழற்றிக் குளத்தில் விட்டார். அந்தக் குளத்தில் நாங்கள் விட்ட மீன்களிலேயே தண்ணீருக்குள் போனது அது ஒன்றுதான். யாரும் சாது சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

குடையின் கீழிருந்து லத்தீபா பேகம் எழுந்து வந்தார்.

"ஏங்க முதலாளி, அடி மூட்டையில ஈரம்னு போன்ல சொன்ன தம்பி இவர்தானே? குரலைக் கேட்டதுமே நெனச்சேன்."

"அதுக்குத்தான் அம்மா பயிற்சி கொடுத்தோம். இன்னையோட ஆளை மாத்திடறோம்."

"மாத்திடாதீங்க. அன்னைக்கு இவர் சொன்னதாலதான் மேல் அடுக்கை மட்டும் எடுத்தேன். இன்னொரு இடத்துல ஃபஸ்ட் கிளாஸ்னு சொன்னதை நம்பி வாங்கினது, எங்க துறைமுகத்துலயே முளைச்சு நிக்குது. இந்த சீசன் முழுக்க உங்ககிட்டதான் எடுக்கிறேன். ஆனா போனை இவர்தான் எடுக்கணும். வேற யாராவது எடுத்தா வச்சிருவேன்."

முதலாளி ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் நல்லப்பனை அப்படியே கட்டிக்கொண்டார். "பார்த்தீங்களாம்மா எங்க பயிற்சியை!" ஸயா ஆண்ட்ரூவும் நாற்காலியிலிருந்து கம்பீரமாக இறங்கி, "இதுதாங்க என் மெத்தட். ஃபெயிலாக்கி பாஸாக்கறது" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் அம்மையாரும் நல்லப்பனும் முன்சீட்டில் உட்கார்ந்து, திலேப்பியாவுக்குப் புளி எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கியாக்டடா வரும்வரை தமிழில் பேசிக்கொண்டே வந்தார்கள். நல்லப்பன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக்கூட மனசு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஸயா ஆண்ட்ரூவுக்குப் பொன்னாடை. கோ ரமணனுக்குச் 'சிறந்த மீனவர்' பட்டம். நல்லப்பன் அடுத்த அறையில் போனில் இருந்ததால் கலந்துகொள்ளவில்லை. கடைசியில் மா பூர்ணா, விவரம் தெரியாமல், ஒரு யோசனை சொன்னார்:

"அவர் உண்மையைச் சொன்னதுக்கே ஒரு சீசன் ஆர்டர் வந்துச்சு. நாம எல்லாருமே அப்படிச் சொல்லிட்டா என்ன முதலாளி?"

முதலாளி என்னைப் பார்த்தார். இதுமாதிரி இக்கட்டுகளுக்குத்தான் தலைமை எழுத்தர் என்று ஒருவன் இருக்கிறேன். எழுந்து நின்று விளக்கினேன். அதுவே தீர்மானமாகவும் கைதட்டலோடு நிறைவேறியது:

"ஓர் ஆபீசில் ஒருவர் உண்மை பேசினால் அது அவருடைய தனித்திறமை. இரண்டாவது ஆளும் பேசத் தொடங்கினால், மற்றவர்கள் எல்லாம் என்ன பேசுகிறோம் என்று வெளியே தெரிந்துவிடும்."