நடக்காத கூட்டத்தின் தீர்மானங்கள்

மூன்று வருஷமாக நடக்காத பன்னிரண்டு கூட்டங்களை ஸ்டீபன்ராஜ் ஒரே மத்தியானத்தில் நடத்தி முடித்துவிட்டார். எல்லாம் பேப்பரில்தான்.

துவாக்குடியில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அவர் மேனேஜர். பெரிய ஆர்டர் தர இருந்த வெளிநாட்டுக் கம்பெனி, டைரக்டர்கள் கூடிப் பேசியதன் எழுத்துக் குறிப்பு, அதாவது மினிட்ஸ், வேண்டும் என்று கேட்டிருந்தது. சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளருக்கும் உங்கள் போர்டு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமாம். போர்டு என்றால் முதலாளி அடைக்கலராஜ், அவர் மனைவி சகாயம்மாள், பெயருக்கு ஒரு படித்தவர் இருக்கட்டும் என்று சேர்த்த குடும்ப நண்பர் ஷரபுன்னிசா. கெமிஸ்ட்ரி பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூவரும் ஒன்றாக உட்கார்ந்தது கிறிஸ்துமஸ் விருந்தில் மட்டும்தான்.

ஆர்டர் போனால் அறுபது பேருக்கு வேலை போகும், முதல் ஆள் தான்தான் என்பது ஸ்டீபன்ராஜுக்குத் தெரியும். ஆனால் எழுத எழுத உற்சாகம் பிடித்துக்கொண்டது. பெண் தொழிலாளர்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று ஷரபுன்னிசா வற்புறுத்தினார், ஏற்கப்பட்டது. குழாய் கழுவும் ஆசிட் தண்ணீரைச் சுத்தம் செய்து மரங்களுக்கு விட வேண்டும் என்றார், ஏற்கப்பட்டது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றார், சேர்மன் அடைக்கலராஜ் கைதட்டி ஏற்றார். கையெழுத்து, சீல் எல்லாம் போட்டு, ஆபீஸ் ஜெஸ்லினிடம் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பச் சொன்னார்.

மறுநாளே அங்கிருந்து ஒரு வரி வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறோம்.

அடைக்கலராஜ் மினிட்ஸை வாங்கிப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"நான் எப்பய்யா கைதட்டினேன்?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு சார்."

"அந்த வேகத்துலயே இதையெல்லாம் நீயே செஞ்சு காட்டு."

ஸ்டீபன்ராஜ் முதலாளி மதியம் தூங்கும் ஏசி அறைக் கதவில் 'மகளிர் ஓய்வறை' என்று எழுதி ஒட்டினார். சாப்பாட்டு மணி அடித்ததும் பதினாறு பெண்களும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து முதலாளி காரில் தூங்கினார், எழும்போதெல்லாம் கழுத்து வலியோடு எழுந்தார்.

அடுத்து ஸ்ரீரங்கத்து நர்சரியில் இருபது வேப்பங்கன்று வாங்கி நட்டு, சுத்தம் செய்த தண்ணீரில் வளர்ந்ததாகப் பலகை வைத்தார். வாட்ச்மேன் அந்தப் பலகையை நம்பி, குழாய் கழுவிய ஆசிட் தண்ணீரையே ஊற்றிவிட்டார். மறுநாள் காலையில் இருபதும் கருகி நின்றன.

இனி ஷரபுன்னிசாதான் கதி என்று அவர் வீட்டுக்கு ஓடினார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு கூட்டத்தையும் படித்து முடித்தார். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாஷா அல்லாஹ், நான் இவ்வளவு நல்லா பேசியிருக்கேனா தம்பி?"

"வெள்ளிக்கிழமை கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்."

"தாராளமா. ஆனா நான் சொன்னது நடந்திருக்கணுமே. நடக்கலேன்னா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

மறுநாள் ஏழு மணிக்கே அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வகுப்பில் கரும்பலகை முன் நிற்பதுபோல் தொழிற்சாலையின் பின்பக்கம் நின்று, சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, தொட்டி எத்தனை என்று சொல்லிக்கொண்டே போனார். ஆள் போதாமல் மேனேஜரும் பேண்ட்டை மடித்துக்கொண்டு குழியில் இறங்கினார். மூன்று நாள் அவர் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. நான்காம் நாள் தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தபோது, அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

சம்பள விஷயத்தில் அடைக்கலராஜ் மசியவில்லை. ஷரபுன்னிசா கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். சகாயம்மாளும், தானும் டைரக்டர்தானே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவராக, அவர் பக்கம் போய் நின்றார். இரண்டுக்கு ஒன்று. முதலாளி பெண்களைக் கூப்பிட்டு அறிவித்துவிட்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், வேறு வழியில்லாமல் அவரும் தட்டினார்.

வெள்ளிக்கிழமை அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஃபெமினா என்ற அதிகாரி வந்தார். தொட்டியைப் பார்த்தார், ஓய்வறையில் பெண்களோடு ஒரு மணி நேரம் பேசினார், சம்பள உத்தரவைப் போட்டோ எடுத்தார். இப்படி ஒரு போர்டை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, மூன்று வருஷ ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஸ்டீபன்ராஜுக்கு அந்த இடத்திலேயே குதிக்கலாம்போல் இருந்தது.

காரில் ஏறும்போது, மினிட்ஸ் ஒரு காப்பி கிடைக்குமா என்று ஃபெமினா கேட்டார். அனுப்பியதையே மறுபடி கேட்கிறாரே என்று ஸ்டீபன்ராஜ் ஜெஸ்லினைத் திரும்பிப் பார்த்தார். அவள் கிட்டே வந்து, பக்கத்தில் நின்ற முதலாளிக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

"அது அவங்களுக்குப் போகவே இல்ல சார். ஃபைல் பெருசுன்னு அன்னைக்கே திரும்பி வந்துடுச்சு, சொல்ல வந்தப்பல்லாம் நீங்க குழிக்குள்ள இருந்தீங்க."